வென்றவர் மண்ணை விட்டிருந்தால்...

நடந்தவற்றை விட்டு நடவாதவற்றை ஆராய்தல் அறிவுடையார் செயலாகுமோ என்று வினவுவார் உளர். வினா நியாயமானதே. நிகழ்ந்தவற்றுக்குச் சான்று உண்டு. நிகழாதவற்றுக்குச் சான்றுமில்லை, சாட்சியுமில்லை. ஆயினும், ஓர் அரசன் செய்தது தவறு என்று நாம் தீர்ப்புக் கூறும்போதெல்லாம், அவன் அதனைச் செய்யாது விட்டிருந்தால் விளைவு வேறாக இருந்திருக்கும் என்னும் எண்ணம் அத்தீர்ப்பினுள்ளே மறைந்து நிற்கின்றது. மறைந்து நிற்கும் அவ்வெண்ணத்தை வெளியே கொணர்ந்து, பொருந்துமா பொருந்தாதா என்று சோதித்துப் பார்த்தல் வீண் பொழுதுபோக்காகாது.

இன்றைய உலக நடப்பும் அச்சோதனையை வேண்டி நிற்கின்றது. 2014ஆம் ஆண்டில் ரஷ்யா கிரைமியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 2022 பெப்ரவரியில் உக்ரேன்மீது பெரும்படை எடுத்து, அவ்வாண்டு செப்டெம்பர் 30ஆந் திகதி மேலும் நான்கு மாகாணங்களைத் தனதென அறிவித்தது. ஒக்டோபர் 12ஆந் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அவ்விணைப்புச் செல்லாது எனத் தீர்மானித்தபோது, ஆதரவாக 143 நாடுகளும் எதிராக 5 நாடுகளும் வாக்களித்தன. வாக்களியாது ஒதுங்கிநின்ற 35 நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. நமது இலங்கையும் ஒன்று. போரை நிறுத்துவதற்கு விலையாக மண்ணைக் கொடுத்துவிட்டால் என்ன என்ற பேச்சு அன்று தொட்டுப் பலவிடத்தும் எழுந்துள்ளது. அவ்விலை மலிவானதா, அதனால் வாங்கப்படும் அமைதி எத்தனை காலம் நிற்கும் என்று அறிய விரும்புவோர்க்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் போரொன்று நல்ல பாடமாகும். அது 1870–71ஆம் ஆண்டுகளில் பிரான்சுக்கும் பிரஷ்யா தலைமையிலான ஜேர்மானிய அரசுகளுக்கும் இடையே நிகழ்ந்த போர்.

கதையை எவ்விடத்தில் மாற்றுவது?

இப்போரைப் பற்றிக் கற்பனை செய்வோர் பலர், "பிரான்சு வென்றிருந்தால்?" என்று தொடங்குவர். அக்கற்பனை வலுவற்றது. பிரெஞ்சு வீரனின் கைத்துப்பாக்கி ஜேர்மானியனுடையதிலும் சிறந்ததாயினும், குருப் தொழிற்சாலையின் உருக்குப் பீரங்கிகளுக்கு ஈடான பீரங்கி பிரான்சிடம் இல்லை. மொல்ற்கேயின் தலைமைப் படைப்பணிமனை புகைவண்டிப் பாதைகளைக் கொண்டு விரைவாகவும் ஒழுங்காகவும் படை திரட்டியது. பிரான்சின் படைதிரட்டலோ குழப்பத்தில் முடிந்தது. 1870 ஜூலை 19ஆந் திகதி போரறிவித்த மூன்றாம் நெப்போலியன், செப்டெம்பர் 2ஆந் திகதி செடான் என்னுமிடத்தில் ஏறக்குறைய ஓரிலட்சம் வீரரோடு சரணடைந்தான். இம்முடிவை மாற்றவேண்டுமானால் ஆயுதம், அமைப்பு, தலைமை ஆகிய மூன்றையும் மாற்றவேண்டும். அத்தனையையும் மாற்றியபின் எஞ்சுவது வரலாறன்று, கட்டுக்கதை.

நடவாததை ஆராய்வோன் ஒரு நெறியைக் கைக்கொள்ளல் வேண்டும். மாற்றம் சிறிதாயிருத்தல் வேண்டும். அக்காலத்து மாந்தர் தாமே எண்ணிப் பார்த்ததாகவும், வாய்விட்டுக் கேட்டதாகவும் இருத்தல் வேண்டும். அத்தகைய மாற்றத்துக்கு இடந்தரும் தருணம் செடானுக்குப் பின் வந்தது. செப்டெம்பர் 4ஆந் திகதி பாரிஸ் மக்கள் பேரரசைக் கவிழ்த்துக் குடியரசை நிறுவினர். புதிய அரசின் வெளிநாட்டமைச்சர் யூல் ஃபாவ்ர், அம்மாதத்திலேயே பெரியேர் மாளிகையில் பிஸ்மார்க்கைச் சந்தித்தார். பணம் கேட்டால் தருவோம். மண்ணும் கோட்டையும் தரமாட்டோம் என்பது அவர் நிலை. ஸ்ட்ராஸ்பேர்க் நகர் எம் வீட்டின் திறவுகோல், அது எமக்கு வேண்டும் என்பது பிஸ்மார்க்கின் நிலை. பேச்சு முறிந்தது. போர் மேலும் நான்கு மாதம் நீண்டது. பாரிஸ் முற்றுகையில் மக்கள் பசியால் வாடினர்.

அன்று பிஸ்மார்க், "பணத்தையும் எல்லைக் கோட்டைகளின் இடிப்பையும் ஏற்று மீள்வோம்" என்று கூறியிருந்தால்? இதுவே நாம் ஆராயப் புகும் வினா.

நான்காண்டுக்கு முன்னர் நடந்தது

இது பிஸ்மார்க்கின் இயல்புக்கு ஒவ்வாத கற்பனை என்று தள்ளிவிட இயலாது. 1866ஆம் ஆண்டில் அவரே இதனைச் செய்து காட்டினார். அவ்வாண்டு ஜூலை 3ஆந் திகதி கோனிக்கிரேற்ஸ் களத்தில் பிரஷ்யப் படை ஒஸ்திரியாவை முறியடித்தது. வியன்னாவுக்குச் செல்லும் வழி திறந்து கிடந்தது. மன்னர் வில்லியமும் படைத்தலைவர்களும் வெற்றியூர்வலத்தையும் ஒஸ்திரிய மண்ணையும் விரும்பினர். பிஸ்மார்க் மன்னரோடு கடுமையாக வாதிட்டுத் தடுத்தார். முடிக்குரிய இளவரசரின் துணையும் அவருக்குக் கிட்டியது. நிக்கொல்ஸ்பேர்க்கில் உடன்பாடு கண்டு, ஓகஸ்ட் மாதத்தில் பிராக் நகரில் உடன்படிக்கை எழுதப்பட்டது. ஹனோவர் முதலிய வட ஜேர்மானிய அரசுகளைப் பிரஷ்யா விழுங்கியது. இத்தாலிக்கு வெனீசியா கிடைத்தது. ஆனால் ஒஸ்திரியாவின் மண்ணில் ஒரு பிடியும் பிரஷ்யாவுக்குச் செல்லவில்லை.

விளைவு யாது? பதின்மூன்றே ஆண்டுகளில், 1879இல், ஒஸ்திரியா ஜேர்மனியின் நட்பு நாடாகி உடன்படிக்கை செய்துகொண்டது. தோற்றவன் தோல்வியை மறந்தான் என்று சொல்லமுடியாது. ஆயினும் மறக்க விரும்பியபோது மறப்பதற்குத் தடையாக எல்லையில் எந்த வடுவும் இருக்கவில்லை.

1871இல் அதே அமைச்சர் வேறு வழி சென்றார். மே 10ஆந் திகதி பிராங்போர்ட்டில் எழுதப்பட்ட உடன்படிக்கையால் அல்சேஸ் முழுவதும் (பெல்போர்ட் நகர் நீங்கலாக), லொரேனின் ஒரு பகுதியும், மெற்ஸ் கோட்டையும் ஜேர்மனிக்குச் சென்றன. அப்பகுதியில் வாழ்ந்தோர் ஏறக்குறைய 15 இலட்சம் மக்கள். அதற்கு மேல் 500 கோடி பிராங்கு தண்டப்பணம். மெற்ஸைச் சூழ வாழ்ந்தோர் பிரெஞ்சு பேசுவோர் என்பதனால் அப்பகுதியைக் கொள்வதில் பிஸ்மார்க்குக்கே ஐயமிருந்தது. எல்லையிற் பாதுகாப்பு வேண்டும் என்ற படைத்தலைவரின் சொல்லும், வெற்றிக்களிப்பில் மிதந்த நாட்டின் ஆரவாரமும் மேலோங்கின.

இதனிடையே ஓர் உண்மையை நோக்குக. 500 கோடி பிராங்கு அக்காலத்தில் நினைத்தற்கரிய தொகை. பிரான்சு அதனை 1873 செப்டெம்பருக்குள் கொடுத்துத் தீர்த்தது. கடன் தீர்ந்தவுடன் அதைப்பற்றிய பேச்சும் தீர்ந்தது. மண்ணைப்பற்றிய பேச்சோ தீரவில்லை. பாரிஸ் நகரின் கொன்கோர்ட் சதுக்கத்தில் ஸ்ட்ராஸ்பேர்க் நகரைக் குறிக்கும் சிலைக்குத் துக்கத்துணி சாத்தப்பட்டது. அஃது அகற்றப்பட அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் சென்றது.

மொழியைக் காட்டி மண் கேட்டல்

மண்ணைப் பறிப்போர் எக்காலத்தும் வெறுங்கையோடு வருவதில்லை. நியாயமொன்றையும் கொண்டு வருவர். 1870இல் அந்நியாயம் மொழி. அல்சேஸ் மக்கள் பேசுவது ஜேர்மானியக் கிளைமொழி. ஆதலால் அவர் ஜேர்மானியர். ஆதலால் அவர் மண் ஜேர்மனிக்கு உரியது. இவ்வாறு வாதிட்டோருள் உரோம வரலாற்றைத் துறைபோகக் கற்ற மொம்சன் போன்ற பேரறிஞரும் இருந்தனர். அவருக்கு மறுமொழி எழுதியவர் ஃபுஸ்தெல் த குலாஞ்சு என்னும் பிரெஞ்சு வரலாற்றாசிரியர். மொழியும் இனமும் ஒருவனது நாட்டைத் தீர்மானிப்பதில்லை. யாருடன் சேர்ந்து வாழ விரும்புகின்றான் என்பதே தீர்மானிக்கும் என்பது அவர் வாதம். பன்னிரண்டு ஆண்டுகளின் பின் ரெனான் என்பார் சோர்போன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவும் இவ்வழியே சென்றது.

இவ்விடத்தில் அல்போன்ஸ் தோதே எழுதிய "கடைசிப் பாடம்" என்னும் சிறுகதையை நினைவுகூர்தல் தகும். 1873இல் நூலாக வந்த தொகுதியிலுள்ள அக்கதையைப் பாடப்புத்தகத்திற் படித்தவர் நம்மிடையேயும் இருப்பர். அல்சேஸ் கிராமமொன்றில், இனி ஜேர்மன் மொழியே கற்பிக்கப்படும் என்ற கட்டளை வந்தபின், முதிய ஆசிரியர் பிரெஞ்சு மொழியில் கடைசிப் பாடம் நடத்துகின்றார். ஆசிரியத் தொழில் புரிவோர் எவரும் அதனைக் கண் கலங்காது படிக்கமாட்டார். ஆயினும் கதை சொல்லாது விட்ட செய்தியொன்றுண்டு. அத்தகைய கிராமத்துப் பிள்ளைகளுட் பெரும்பாலோர் வீட்டிற் பேசியது பிரெஞ்சன்று; ஜேர்மானியக் கிளைமொழியே. அம்மொழியைப் பேசிக்கொண்டே அவர்தம் பெற்றோர் பிரான்சோடு இருக்க விரும்பினர். கதாசிரியர் மறைத்த இவ்வுண்மை கதையிலும் ஆழமானது. மொழி ஒரு மக்களின் உயிர். ஆனால் அது பிறனொருவன் கையில் இருக்கத்தக்க காணி உறுதியன்று. மொழியைக் கற்பிப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள் இவ்வேறுபாட்டை மற்றெவரினும் அழுத்தமாகச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஏனெனில், மொழியின் பெயரால் நிலம் பறிக்கப்படும்போது நிலத்தோடு மொழியின் நற்பெயரும் கெடுகின்றது.

அம்மக்களை யாரேனும் கேட்டனரா? கேட்கவில்லை. 1871இல் போர்தோ நகரிற் கூடிய பிரெஞ்சுத் தேசிய சபையில், அல்சேஸ்–லொரேன் உறுப்பினர் தம்மைக் கேளாது தம்மைக் கைமாற்றுதல் செல்லாது என்று முறையிட்டுச் சபையை நீங்கினர். மார்ச் 1ஆந் திகதி அச்சபை 546 வாக்குகளுக்கு 107ஆக அமைதி நிபந்தனைகளை ஏற்றது. 1874இல் அம்மாகாணத்தார் பேர்லின் பாராளுமன்றத்துக்கு முதன்முறையாக உறுப்பினரை அனுப்பினர். இணைப்பைப்பற்றி எம் மக்களை வாக்கெடுத்துக் கேளுங்கள் என்று அவர்கள் சார்பில் ஆங்கும் வேண்டப்பட்டது, சபை மறுத்தது.

ஜேர்மனியிலும் எதிர்க்குரல் இல்லாமற் போகவில்லை. பேபெல், லீப்னெக்ட் என்னும் தொழிலாளர் தலைவர் இருவர் இணைப்பை எதிர்த்தனர். 1872இல் இராசத் துரோக வழக்கில் ஈராண்டுச் சிறையும் பெற்றனர். செடான் வீழ்ந்த சில நாட்களுள்ளேயே கார்ல் மார்க்ஸ், இம்மண்ணைப் பறித்தால் பிரான்சு ரஷ்யாவின் கைகளில் விழும் என்று எழுதினார். இங்கிலாந்துப் பிரதமர் கிளாட்ஸ்டன், மக்களைக் கேளாது நாட்டை மாற்றுவதற்கு எதிராகத் தம் அரசு குரல் எழுப்பவேண்டும் என விரும்பினார். அவர் அமைச்சரவை இணங்கவில்லை. எனவே, நாம் கற்பனை செய்யும் மாற்று வழி அக்காலத்தவர் கண்ணுக்குப் புலப்படாத வழியன்று. கண்டும் செல்லாது விட்ட வழியே.

மாற்று வழியிற் சென்றால்

இனி, அவ்வழியிற் சிறிது நடந்து பார்ப்போம். பெரியேர் மாளிகையில் உடன்பாடு ஏற்படுகின்றது. பிரான்சு பணம் கட்டுகின்றது. ஸ்ட்ராஸ்பேர்க், மெற்ஸ் கோட்டைகள் இடிக்கப்படுகின்றன. மண்ணும் மக்களும் இருந்தவிடத்தே இருக்கின்றனர். தென் ஜேர்மானிய அரசுகள் வெற்றியின் உவகையில் பிரஷ்யாவோடு இணைவது இங்கும் நிகழக்கூடியதே. அதற்கு அல்சேஸ் இன்றியமையாததன்று.

பிரான்சு மகிழ்ந்திருக்குமா? மகிழாது. தோல்வியின் கசப்பும், பேரரசன் சிறைப்பட்ட அவமானமும் இருந்தே தீரும். ஆனால் கசப்பு என்பது அதனை அனுபவித்தவரோடு முதுமையடைவது. பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் படத்தில் துண்டிக்கப்பட்ட மாகாணமோ, அனுபவியாத பிள்ளைக்கும் ஆண்டுதோறும் புதிதாகக் கற்பிக்கப்படுவது. 1880களின் நடுவிலே பிரெஞ்சுப் பிரதமர் ஃபெரி குடியேற்ற நாட்டு விவகாரங்களில் பிஸ்மார்க்கோடு ஒத்துழைத்தார். 1884–85இல் பேர்லின் மாநாட்டில் இரு நாடும் ஒன்றாக அமர்ந்தன. நட்பு இயலாததாக இருக்கவில்லை என்பதற்கு அது சான்று. அந்நட்பு வளராமைக்கு ஒரு காரணம், அல்சேஸை மறந்துவிட்டோம் என்று வாய்திறந்து சொல்லவல்ல பிரெஞ்சு அமைச்சன் எவனும் பதவியில் நிலைக்க முடியாதிருந்தமை.

பிஸ்மார்க்கின் பிற்கால அரசியல் முழுவதும் இப்பறிப்பைக் காப்பதற்குச் செலுத்திய வட்டி எனலாம். பிரான்சு தனித்திருக்கவேண்டும் என்பதற்காகவே 1873இல் மூன்று பேரரசர் கூட்டு, 1882இல் முத்தரப்பு உடன்படிக்கை, 1887இல் ரஷ்யாவோடு இரகசிய உடன்பாடு என்று வலைமேல் வலை பின்னினார். 1890இல் அவர் பதவி நீங்க, ரஷ்ய உடன்பாடும் புதுப்பிக்கப்படாது கழிந்தது. 1891 முதல் 1894 வரையில் பிரான்சும் ரஷ்யாவும் நட்புடன்படிக்கை கண்டன. மன்னராட்சியை வெறுத்த குடியரசும், குடியரசை வெறுத்த சாரின் ஆட்சியும் கைகோத்தமைக்கு அவ்விரண்டையும் அச்சுறுத்திய பொது அயலான் இருந்தான் என்பதன்றி வேறு பொருத்தம் காண்டல் அரிது. மார்க்ஸ் எழுதியது இருபத்துநான்கு ஆண்டுகளுள் மெய்யாயிற்று.

மாற்று வழியில் இவ்வுடன்படிக்கை எழாதென்று துணிந்து கூறவியலாது. அதற்கான தூண்டுதல் பெரிதும் குறைந்திருக்கும் என்று கூறலாம். அஃதின்றேல், பிரான்சும் ரஷ்யாவும் ஒருங்கே தாக்கும் என்ற அச்சத்தால் முதலிற் பிரான்சை வீழ்த்தவேண்டும் என்று ஜேர்மானியப் படைப்பணிமனை திட்டமிட்டிருக்கத் தேவையில்லை. 1914இல் சேர்பியாவில் மூண்ட பூசல் சேர்பியாவோடும் ரஷ்யாவோடும் நின்றிருக்கக்கூடும். பெல்ஜியத்தின்மேற் படை செல்லாதாயின் பிரித்தானியா போரிற் குதித்ததற்கான உடனடிக் காரணமும் இல்லையாகும்.

எதிர்வாதம்

இவ்வளவும் கூறியபின் எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் கூறுதல் முறை. பிஸ்மார்க் தம் செயலுக்குச் சொன்ன விளக்கம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. ஒஸ்திரியா கோனிக்கிரேற்சில் தோற்றதற்கே பழிவாங்கவேண்டுமென்று பிரெஞ்சுக்காரர் கூச்சலிட்டனர். அக்களத்தில் அவர் இழந்தது ஒன்றுமில்லை. அத்தகையோர், யாம் எத்துணை இரக்கம் காட்டினும் செடானை மன்னிக்கமாட்டார். பழி எப்படியும் வரும். ஆகவே கோட்டையையேனும் கைக்கொள்வோம் என்பது அவர் வாதம்.

இன்னும் சில தடைகள் உள. 1914இன் போர் அல்சேஸுக்காகத் தொடங்கியதன்று. பால்கன் பூசலும் கடற்படைப் போட்டியும் அதற்குத் தனிக் காரணங்கள். நாற்பத்துமூன்று ஆண்டுகளில் எந்தப் பிரெஞ்சு அரசும் அல்சேஸை மீட்கப் போர் தொடுக்கவில்லை. அல்சேஸிலேயே புதிய தலைமுறையினருட் பலர் பிரான்சுக்கு மீள்வதைவிட ஜேர்மனிக்குள் சம உரிமை பெறுவதையே கேட்கத் தொடங்கியிருந்தனர். 1911இல் அவர்களுக்கு அரசியலமைப்பொன்றும் கிடைத்தது.

இவை உண்மை. ஆயினும் வாதத்தின் வேரை இவை அறுப்பதில்லை. பழி எப்படியும் வரும் என்பவர், பழியை அளவில்லாப் பொருளாகக் கருதுகின்றார். பழியுணர்ச்சிக்கும் அளவுண்டு, ஆயுளுமுண்டு. ஒஸ்திரியாவின் உதாரணம் பிஸ்மார்க்கையே மறுக்கின்றது. அன்றியும், இணைத்த மண்ணை ஜேர்மனி தானும் நம்பவில்லை. நாற்பது ஆண்டு கடந்தும் 1913இல் சாபேர்ன் என்னும் சிற்றூரில் படைவீரர் ஊர்மக்களை இழிவுபடுத்தியும் கைதுசெய்தும் நடந்தனர். பேர்லின் பாராளுமன்றமே 293 வாக்குகளுக்கு 54ஆகத் தன் முதலமைச்சரைக் கண்டித்தும், அவர் பதவி விலகவில்லை. பறித்த மண்ணைப் பறித்தவன் பகைநாடாகவே ஆண்டான்.

அதன் பின்னர் நடந்தவற்றை விரிக்கவேண்டியதில்லை. 1918இல் அம்மண் பிரான்சுக்கு மீண்டது. 1940இல் ஹிட்லர் மீண்டும் பறித்தான். 1942 தொடக்கம் அங்குள்ள இளைஞர் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஜேர்மானியப் படையில் வலிந்து சேர்க்கப்பட்டனர். 1945இல் திரும்பவும் பிரான்சு. எழுபத்தைந்து ஆண்டுகளுள் நான்கு முறை கொடி மாறிற்று. 1871இல் ஜேர்மானியப் பேரரசு பறைசாற்றப்பட்ட வேர்சாய் மாளிகையின் அதே கண்ணாடி மண்டபத்தில், 1919 ஜூன் 28ஆந் திகதி ஜேர்மனி தன் தோல்விக்குக் கையொப்பமிட்டது. அதனால் எழுந்த கசப்பின் மேலேறியே ஹிட்லர் வந்தான் என்பதை அறியாதார் இலர்.

இரண்டு எல்லைகள்

நம் புறப்பொருளிலக்கணத்தார் மண்ணாசையால் மேற்செல்லும் போரை வஞ்சி என்று வகுத்தனர். அதனுள்ளேயே, பகைவர் நாடு அழிந்தமைக்கு இரங்கும் கொற்றவள்ளை என்னும் துறையையும் வைத்தனர். வெற்றியைப் பாடும் வாயே அழிவுக்கும் இரங்கவேண்டும் என்று அவர் எண்ணியது போலும். பிராங்போர்ட்டில் உடன்படிக்கை எழுதியவரிடம் அவ்விரக்கத்தை எதிர்பார்க்கவேண்டியதில்லை, முன்னறிவையாவது எதிர்பார்த்திருக்கலாம்.

முன்னறிவு எத்தகையது என்பதை மற்றோர் எல்லை காட்டும். 1864இல் டென்மார்க்கை வென்று பெற்ற சிலெஸ்விக் நாட்டின் வடபகுதி மக்களிடம் வாக்குக் கேட்பதாக 1866ஆம் ஆண்டின் பிராக் உடன்படிக்கை ஒப்புக்கொண்டது. அவ்வாக்கெடுப்பை நடத்தாமலே 1878இல் அவ்வொப்புதலையும் நீக்கினர். இறுதியில் 1920ஆம் ஆண்டு வாக்கெடுப்பு நடந்தது. வடபகுதியினர் பெரும்பான்மையாய் டென்மார்க்கையும், அதற்குத் தெற்கே இருந்தோர் பெரும்பான்மையாய் ஜேர்மனியையும் தெரிந்தெடுத்தனர். எல்லை அவ்வாறே வரையப்பட்டது. பின்வந்த கொடிய போரையும் தாண்டி அவ்வெல்லை இன்றும் அங்கேயே இருக்கின்றது.

அல்சேஸ் எல்லையும் இறுதியில் அமைதியுற்றது, வேறு வழியால். ஜேர்மன் பிரசையாக வளர்ந்து, ஜேர்மன் பல்கலைக்கழகங்களிற் பயின்று, மெற்ஸ் நகரில் வழக்கறிஞராயிருந்து, முதலாம் உலகப்போரின் பின் பிரெஞ்சுப் பிரசையான ரொபேர்ட் சூமன், 1950 மே 9ஆந் திகதி இரு நாட்டின் நிலக்கரியையும் உருக்கையும் ஒரே ஆணையத்தின்கீழ் வைக்க முன்மொழிந்தார். எந்நகரைத் திறவுகோல் என்று பிஸ்மார்க் கேட்டாரோ, அந்த ஸ்ட்ராஸ்பேர்க்கிலே இன்று ஐரோப்பிய சபையும் ஐரோப்பியப் பாராளுமன்றமும் கூடுகின்றன. எல்லை எங்கே என்ற வினா பெறுமதி இழந்தபின்னரே பூசல் அடங்கியது. அதற்கு முன் இரண்டு உலகப்போர்கள் சென்றுவிட்டன.

இனி இன்றைய வினாவுக்கு வருவோம். போரால் வாடும் நாட்டில் ஒரு நாள் முந்தி அமைதி வந்தாலும் ஓராயிரம் உயிர் பிழைக்கும்; ஆதலால் எந்த உடன்பாட்டையும் எளிதில் இகழ்தல் கூடாது. படைகள் நிற்குமிடத்திற் போரை நிறுத்துவது ஒன்று; அவ்விடத்தையே வென்றவனுக்கு உறுதி எழுதிக்கொடுப்பது மற்றொன்று. முன்னையது காலத்துக்கு இடங்கொடுக்கும். பின்னையது, அம்மக்களைக் கேளாது எழுதப்படுமாயின், அவர் பேரப்பிள்ளைகள் கையிற் கடனைக் கொடுக்கும். துப்பாக்கி நிழலில் 2014இலும் 2022இலும் நடத்தப்பட்டவற்றை வாக்கெடுப்பு என்று ஏற்றலும் அரிது. சிலெஸ்விக்கில் 1920ஆம் ஆண்டு வாக்குப்பெட்டி வைக்கப்பட்டபோது ஜேர்மானியப் படை அவ்விடத்தை நீங்கியிருந்தது.

1870இல் பாரிஸ், பேர்லின் என்னும் ஈரிடத்தும் அரசியலறிஞர் பலர் இருந்தனர். கிளாட்ஸ்டன் கேட்க எண்ணிய கேள்வி ஒன்றே: அங்கே வாழும் மக்கள் யாது விரும்புகின்றனர்? அவர் அமைச்சரவை அதனைக் கேட்காதிருக்கத் தீர்மானித்தது, வல்லரசுகள் வாளாவிருந்தன. எங்கேனும் எல்லைக்கோடு வரையும் மேசை கூட்டப்படும்போது, வாக்களியாது ஒதுங்கிநின்ற நாடுகளும் உட்பட அனைவரும் எழுப்பவேண்டிய முதல் வினா அதுவே.